'மை மதர்' என்று தொடங்கிய வாக்கியம்

காலையில் அம்மா தலை பின்னிவிடும்போது, அவர் விரல்களிலிருந்து 'சொல்யூஷன்' நெடி வரும்; தோலையும் துணியையும் ஒட்டும் அந்தப் பசையின் நெடி, எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் என் ரிப்பனிலும் ஏறிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வரும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் 'பேஸ்டிங்' பகுதியில் அம்மாவுக்கு வேலை. அங்கே காற்றை வெளியே தள்ளும் ஃபேன் நின்றுபோய் வெகுநாளாகியிருந்தது. தலைவலியோடு வந்து முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைப்பார்.

நான் அப்போது ஏழாவது, இங்கிலீஷ் மீடியம். பெயர்தான் பெரிய பெயர். எங்களுக்கு இங்கிலீஷ் என்றால் ஒப்பிப்பது. 'மை மதர்' கட்டுரையை முதல் வரியில் தொடங்கினால் கடைசி வரி வரை மூச்சுவிடாமல் ஓடவேண்டும், நடுவில் நின்றால் பிரம்படி. யாரும் எங்களை எதுவும் கேட்டதில்லை, நாங்களும் பதில் சொன்னதில்லை.

அந்த வருஷம் ஷூ வாங்கும் வெளிநாட்டு 'பையர்' வருகிறார்கள் என்று கம்பெனி அமர்க்களப்பட்டது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் கையால் ஸ்கூல் பை கொடுக்கப்போகிறார்கள் என்றதும் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஃபேன் ஓடலன்னு அவங்ககிட்ட நான் சொன்னா வேல போய்டும். மேனேஜர் சார் இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லிடுவாரு. நீ சொன்னா சின்னப் பொண்ணு, தெரியாம சொல்லிடிச்சின்னு வுட்டுடுவாங்க" என்றார்.

நானும் அகராதியைப் புரட்டி வாக்கியம் கட்டினேன்: 'மை மதர் ஒர்க்ஸ் இன் பேஸ்டிங். தி ஃபேன் இஸ் நாட் ஒர்க்கிங். ஷி ஹேஸ் ஹெட்ஏக் எவ்ரிடே.' அம்மா அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே தினமும் சொல்லச் சொல்வார். இங்கிலீஷ் தெரியாதவர்தான், ஆனால் பேச்சு தெரிந்தவர். "கீழ பாக்காத, மொகத்தப் பாத்துச் சொல்லு. அவசரப்படாத" என்பார்.

பை கொடுக்கும் நாளில் வரிசை என்னிடம் வந்ததும், வெள்ளைக்கார அம்மாள் குனிந்து, உன் அம்மா என்ன செய்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார். புரிந்தது. நாங்கள் காத்திருந்த கேள்வியே அதுதான். முகத்தைப் பார்த்து, "மை மதர்" என்றேன். அவ்வளவுதான், அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாக்கு தனக்குப் பழகிய வழியில் ஓடத் தொடங்கிவிட்டது. "மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப். ஷி குக்ஸ் டேஸ்டி ஃபுட்." தப்பு, தப்பு என்று உள்ளே ஒருத்தி அலறுகிறாள்; வாய் கேட்டால்தானே! நிறுத்தக் கற்றுக்கொடுத்திருந்தால் நிறுத்தியிருப்பேன். கடைசி வரி வரை ஒப்பித்து முடித்தேன். அந்த அம்மாள் கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டார். மேனேஜர் முதல் ஆளாகக் கைதட்டினார். அன்றைக்கென்று கொடுத்த புது மாஸ்க்குக்கு மேலே அம்மாவின் கண்கள் மட்டும் தெரிந்தன.

ஷேர் ஆட்டோவில் வரும்போது நான் அழுதுகொண்டே வந்தேன். அம்மா திட்டவில்லை.

"ஃபேன்னு ஒரு வார்த்த வரும் வரும்னு பாத்துனே இருந்தேன்" என்றார். பிறகு, "பரவால்ல வுடு, மொகத்தப் பாத்துதான் பேசுன" என்றார்.

இன்று பெங்களூரில் நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் பேசுவதுதான் என் பிழைப்பு. நடுவில் மடக்கிக் கேட்டாலும் தடுமாறுவதில்லை. அம்மா வேலை பார்த்த அந்த பேஸ்டிங் ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். அம்மா என்னோடு இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, பால் தீயும் வாடை அங்கே வரைக்கும் வந்தது. ஓடி இறங்கி வந்தால், பாத்திரம் கருகி வீடெல்லாம் நெடியேறியிருக்க, அடுப்புக்குப் பக்கத்திலேயே அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எந்த வாடையும் எட்டாதவராக அம்மா நிதானமாக அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, இப்டி ஓடியாற?" என்றார்.