மதினி சொன்ன படம்

மலையடிவாரத்து ஊரிலிருந்து போடிக்குப் போகும் சாலையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் எனக்கு வேலை போய்விட்டது என்பது உறைத்தது. அதுவரை சிரித்துக்கொண்டே நடந்திருந்தேன். தோளில் கறுப்பு ஒயர்ச் சுருள் ஒன்று கிடந்தது. டெலிவிஷனையும் வீடியோ டெக்கையும் அள்ளி வேனில் போட்டுக்கொண்டு ஓடிய டெக்குக்காரர் அதை மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. பின்னால் மலை, முன்னால் டவுன். கிளம்பும்போது மதினியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். நாளைக் காலையில், மெயின் ரோட்டிலிருந்து ஊர் பிரியும் விலக்கில் ஒரு ஜீப்பு வந்து நிற்கும், அதில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கும் என்று. என்னிடம் ஜீப்பு இல்லை. இடம் கேட்கும் அளவுக்கு ஜீப்புக்காரர் எவரையும் எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மதுரையில் புரோட்டாக் கடை, சின்னமனூரில் வாழைத்தார் லோடு, பிறகு போடியில் டெக்குக்காரரிடம் எடுபிடி என்று வந்து சேர்ந்திருந்தேன். ஊர் ஊராகப் போய் வாடகைக்குப் படம் போடுவார் அவர். பெட்டியைச் சுமப்பது, ஒயர் இழுப்பது, கேசட்டில் பூசணம் படிந்தால் துடைப்பது எல்லாம் என் சோலி. பசித்தால் தூங்கிவிடுவேன். அதைப் பெரிய துன்பமாக நினைத்ததில்லை, அப்போது அந்தப் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

டெக்குக்காரரின் மச்சினன் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கேசட்டுக் கடை வைத்திருந்தான். அங்கே ஓடித் தேய்ந்த கேசட்டுகள்தான் எங்களுக்கு வரும். அப்படி வந்தது ஒரு மலையாளச் சிரிப்புப் படம். டெலிவிஷன் நிலையத்தில் பாட்டுப் போட்டி வைக்கிறார்கள். மரமேறி ஒருவன், பஸ்சுக் கண்டக்டர் ஒருவர், ஒரு கிழவி என்று எங்கெங்கிருந்தோ பாட வருகிறார்கள். நடுவராக ஒரு மந்திரி. கேமராவைப் பார்த்துவிட்டால் அவருக்குப் பேச்சு வந்துவிடும். யார் பாட வாயைத் திறந்தாலும் மைக்கை வாங்கிப் பேசத் தொடங்கிவிடுவார். படம் முழுக்க ஒருவராலும் ஒரு பாட்டைப் பாடி முடிக்க முடியாது. கடைசியில் பரிசும் அந்த மந்திரிக்கே போகும்.

முதல் முறை அதை அந்த ஊரில் போட்டபோது கூட்டம் கத்தியது. "என்னய்யா எழவு பேசுறான் இவன், கொண்டா வேற படத்தை!" என்று மண்ணை அள்ளி வீசினார்கள். வேறு படம் இல்லை. அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளுக்கு மெதுவாக ஏதோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பின்னால் இருந்தவர்கள், "எங்களுக்கும் சொல்லு மதினி, சத்தமாச் சொல்லு" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவளை எழுப்பி டெலிவிஷன் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் மதினி. எனக்கும் அப்படியே. மலைக்கு மேலே தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், மலையாளம் தண்ணீர் மாதிரி வரும். புருஷன் ஏலத்தோட்டத்துக்குக் காவலுக்குப் போனவன், போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதை அவள் மறைத்ததுமில்லை, சொல்லிப் புலம்பியதுமில்லை. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் இருந்தாள். விடியும் முன்பே ஊரில் வந்து நிற்கும் ஜீப்பில் மற்றப் பெண்களோடு ஏறி, மலைமேல் இருக்கும் போடிமெட்டு தாண்டிப் போய்ப் பகலெல்லாம் ஏலக்காய் எடுத்துவிட்டு இறங்குவாள். அந்த ஜீப்பில் ஓர் இடம் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியும். இல்லையென்றால் இல்லை.

படம் சொல்லும்போது மதினி படத்தைப் பார்க்கவே மாட்டாள். திரைக்கு முதுகைக் காட்டி, ஒரு காதை மட்டும் பின்னால் கொடுத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாயில் வெற்றிலை இருக்கும். மந்திரி அங்கே நீட்டி முழக்கி ஏதோ பேசி முடிப்பார். இவள் நிதானமாக, "ரோடு போட்டுத் தர்றாராம்" என்பாள். கொஞ்சம் விட்டு, "எந்த ரோடுன்னு கேக்காதீக. அவரு வீட்டுக்குப் போற ரோடு" என்பாள். மந்திரி காரில் தனியாக ஏறுவார். "அவரு காரு பூராம் காலியாக் கெடக்கு பாருங்க. அதுல உக்கார வேண்டிய ஆளுகளையும் சேத்துத்தான் நாம ஜீப்புல நெருக்கி உக்காந்திருக்கோம்" என்பாள். படத்தில் இருந்தது பாதி, இவள் போட்டது பாதி. டெக்குக்காரர் அவளைப் பக்கத்து ஊர்களுக்கும் வேனில் கூட்டிப் போனார். அடுத்த ஊரில் அதே கேசட்டைப் போட்டால் சொல்வது வேறாக இருக்கும். ஒரு ஊரில் பார்த்தவர்கள் அதே படத்துக்கு அடுத்த ஊருக்கும் நடந்து வந்தார்கள். "போன வாரந்தானப்பா பாத்தீக?" என்று டெக்குக்காரர் கேட்டால், "அது போன வாரக் கதைல்ல" என்பார்கள்.

அந்தச் சமயம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஊரின் ஜீப்புகள் அத்தனையும் ஒருவருடையவை. எந்தப் பதவியிலும் இல்லாத காலத்திலேயே எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நின்றார். எதிர்த்து நின்றவர் மாவு மில்லுக்காரர். தலைவர் எங்களை வரச்சொல்லி, ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் தன் கிட்டங்கியில் ஊருக்கே இலவசமாகப் படம் போடுவதாகச் சொன்னார். மதினியையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"நல்லாப் பேசுறியாமே ஆத்தா. வந்து சொல்லு. அந்த மந்திரிப் பயலுக்கு மட்டும் மில்லுக்காரன் பேரை வச்சிரு."

"படத்துல இருக்கவரு வேற ஆளுல்லண்ணே?"

"நீ படத்துல உள்ளதை மட்டுந்தான் சொல்றியாக்கும்? எனக்குத் தெரியாதா?" அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நாளப்பின்ன ஜீப்புல எடம் வேணும்ல?"

வெளியே வந்ததும் மதினி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். பிறகு, "எடம் போச்சுன்னா அம்புட்டு வளைவையும் நடந்தா ஏற முடியும் கொழுந்தனாரே? சொல்லித்தான் ஆகணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிட்டங்கி ஜன்னல்களுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். ஏலக்காய் மணம் கண்ணைக் கரிக்கும் அளவுக்கு இருந்தது. தலைவர் முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்தார், மற்றவர்கள் தரையில். மதினி சொன்னபடியே செய்தாள். "மில்லுக்காரரு என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மில்லுக்காரர் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர் என்பது ஊருக்கே தெரியும். தலைவர் மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தார், அதைப் பார்த்து அவர் ஆட்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு கிழவர், "மதினிக்கு இன்னைக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். மதினியின் முகத்தில் வேர்வை வழிந்தது. அவள் குரல் அப்படித் தட்டையாக ஒலித்து நான் கேட்டதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு டெக் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

படத்தில் கிழவி பாட வரும் இடம் வந்தது. அவள் வாயைத் திறக்கிறாள், மந்திரி எழுந்து மைக்கைப் பிடுங்குகிறார். கூட்டம் சோர்ந்து கிடப்பதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, சரியாக அந்த நேரத்தில் தலைவரும் எழுந்தார். "ஒரு நிமிசம், நான் ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்" என்று டெலிவிஷனுக்கு முன்னால் வந்து நின்றார். படத்தை நிறுத்தச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. "பெரியோர்களே, தாய்மார்களே" என்று கையைத் தூக்கினார். அவர் தோளுக்குப் பின்னால் மந்திரியும் கையைத் தூக்கினார். இவர் விரலை நீட்ட, அவரும் விரலை நீட்டினார்.

மதினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"அண்ணே, இப்ப நான் யாரு பேசுறதைச் சொல்லணும்? முன்னால நிக்கிறவரையா, பின்னால நிக்கிறவரையா?"

கூரைத் தகரம் அதிர்ந்தது. தலைவரின் ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டு சாக்கு மூட்டைகளின்மேல் சாய்ந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார், புரிந்துகொண்டார், ஒயரைப் பிடித்து இழுத்தார். படம் அணைந்தது. சிரிப்பு அணையவில்லை. "நாளையிலேருந்து ஜீப்புப் பக்கம் வந்துறாதே" என்று மதினியிடம் சொல்லிவிட்டுப் போனார். டெக்குக்காரர் என் சட்டையைப் பிடித்து, "அவக சிரிச்சா சரி, நீ ஏண்டா சிரிச்சே?" என்று கேட்டார். மறுபடியும் சிரித்துவிட்டேன். அத்தோடு என் வேலை போயிற்று.

மதினி வேண்டுமென்றே கேட்டாளா, உண்மையிலேயே தெரியாமல் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிட்டங்கி வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையே" என்றாள். அப்போதுதான் சொன்னேன், காலையில் விலக்கில் வந்து நில்லுங்கள், ஜீப்பு வரும் என்று. "யாரு ஜீப்பு?" என்றாள். "ஏதாவது வரும் மதினி." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. சரி என்று மட்டும் தலையை ஆட்டினாள்.

இப்போது எந்தத் தேநீர்க் கடையில் ஒதுங்கினாலும் சுவரில் டெலிவிஷன் இருக்கிறது. பாட்டுப் போட்டி ஓடுகிறது, நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இந்தப் போட்டிகளையும் அரசியலையும் சேர்த்துக் கிண்டல் செய்யும் படங்களும் வருகின்றன. நல்ல படங்கள்தான், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். எல்லாம் தமிழில் இருக்கிறது, எல்லாம் புரிகிறது. எனக்கு மட்டும், ஒரு வசனம் முடிந்து அடுத்தது வருவதற்குள், இதோ இப்போது ஒரு குரல் வர வேண்டுமே என்று காது காத்திருக்கும். ஓர் இடத்தில் நிலைக்காதவன் நான். அடுத்த மழைக்கு முன்பே போடியை விட்டுப் போய்விட்டேன். பல வருஷம் கழித்து ஒருமுறை அந்த ஊருக்குப் போய்க் கேட்டேன். மதினி மகளோடு மலைக்கு அந்தப் பக்கமே குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டதற்கு, மலையைப் பார்த்துக் கையை நீட்டினார்கள். தேர்தலில் தலைவர்தான் ஜெயித்தாராம்.

அன்று சாயங்காலம் போடி ஜீப்பு ஸ்டாண்டில் ஒவ்வொரு டிரைவராகப் போய்க் கேட்டேன். விஷயம் எனக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. சிரித்தார்கள், இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். இடம் தர மட்டும் யாரும் தயாராக இல்லை. "அவரைப் பகைச்சுக்கிட்டு இந்த ரோட்டுல வண்டி ஓட்டவா மாப்ளே?" கடைசியில், மறுநாள் காலை மலையேறப் போகும் தோட்டத்து ஜீப்பு ஒன்று, அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது. டிரைவர் மலையாளி. காய் எடுக்க ஆள் போதாமல் தோட்டத்தில் திண்டாடுவதாகவும், கிளீனருக்குக் காய்ச்சல் என்றும் சொன்னார். கிளீனராக நான் வருகிறேன் என்றேன். அதற்குப் பதிலாக, காய் எடுக்க வரும் ஒரு ஆளுக்கு இடம் வேண்டும் என்றேன்.

"யாரு, பெண்டாட்டியோ?"

"இல்லைண்ணே. படம் சொல்றவக."

"ஆ, கேட்டேன் கேட்டேன். முன்னால உட்காரட்டும். எனக்கு வளைவுல உறக்கம் வராம இருக்கும்."

காலையில் விலக்கில் மதினி தூக்குவாளியோடு நின்றாள். தலைவரின் ஜீப்பு அவளைத் தாண்டி அப்போதுதான் போயிருந்தது, புழுதி இன்னும் அடங்கவில்லை. எங்களைப் பார்த்ததும் உடனே ஏறவில்லை. ஜீப்பைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"இது எந்தக் கட்சி ஜீப்பு கொழுந்தனாரே?"

"கட்சி இல்லை மதினி. வெரசா ஏறுங்க."

டிரைவர் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். அவள் மாட்டேன் என்று தலையசைத்துவிட்டுப் பின்னால் போய், போடியிலேயே ஏறியிருந்த தோட்டத்துப் பெண்களுக்கு நடுவில் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். கிளீனருக்கு ஜீப்பில் இடம் கிடையாது. பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுமை அதிகம் என்பதால் வளைவில் வண்டி பின்வாங்கினால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். அடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. உள்ளே மதினி ஏதோ பேச ஆரம்பித்தது தெரிந்தது. எஞ்சின் முக்கிக்கொண்டு ஏறும் சத்தத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. திடீரென்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். "என்ன சொன்னாக?" என்று கத்தினேன். ஓரத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பு அடங்காமல், அப்புறம் என்று கையைக் காட்டினாள். தார்ப்பாய்க்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். அதற்குள் வளைவு வந்துவிட்டது. கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தேன்.