பம்புக்குள் போன கண்ணாடி இழை

உங்கள் அப்பா நான் தச்சநல்லூரில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே இன்ஜினியரிங் கல்லூரி டீச்சர் ஒருவர் வருவார். கை நுழையாத இடுக்கில் ஒரு பொருள் எவ்வளவு நகருகிறது என்று அளக்கிற கருவி செய்கிறார். அதற்குப் பித்தளைக் குழாய் கடைந்து கொடுப்பது என் வேலை.

ஸ்ரீவைகுண்டத்தில் வாழை போட்டிருக்கிற ஒரு அண்ணாச்சியின் பம்ப் கடகடவென்று சத்தம் போட்டது. மோட்டார் பக்கத்து பேரிங் தேய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம். உள்ளே பம்ப் பக்கத்தில் என்றால் முழுசாகப் பிரிக்கணும், ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. வாழையோ குலை தள்ளுகிற நேரம். பிரிக்காமல் பார்க்க முடியுமா என்று எங்களைக் கூப்பிட்டார்.

கருவி ஒன்றும் பெரிசில்லை பிள்ளைகளா. சுவரில் டார்ச் அடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தால் வெளிச்சம் மங்குகிறதல்லவா? அதே மாதிரி, கண்ணாடி இழை வழியாக வெளிச்சத்தை அனுப்பி, பம்புக்குள் சுழலுகிற இரும்புத் தண்டான ஷாப்டில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது. பேரிங்தான் ஷாப்டைத் தாங்குகிறது; அது தேய்ந்த பக்கத்தில் ஷாப்ட் ஆடும்.

இழையைக் குழாயோடு பம்ப் பக்கத்து இடுக்கில் பைய நுழைத்தேன்.

"தூண்டில் நரம்ப விட்டு என்ன மீனு வே புடிக்கப் போறீரு?" என்றார் அண்ணாச்சி.

மோட்டாரைப் போட்டதும் கருவியின் திரையில் எண் தாறுமாறாக ஓடியது.

"பாத்தீரா, ஆடுது. பிரிச்சிர வேண்டியதுதான்." அவர் முகம் சுண்டிவிட்டது. மோட்டாரை அணைத்தார்.

டீச்சர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மோட்டார் நின்னுட்டு அண்ணாச்சி. எண் இன்னும் ஓடுதே. நிக்கிற ஷாப்ட் எப்படி ஆடும்?"

இழையை விரலால் லேசாக வளைத்தார். எண் இறங்கியது. அந்த மூலையில் வளைக்காமல் கொண்டுபோக வழியே இல்லை. வளைகிற இடத்தில் வெளிச்சம் கசிந்துவிடுகிறது; இழை காற்றில் லேசாக அசைந்தாலே எண் மாறுகிறது.

மறுநாள் அதே குழாயில் இன்னொரு இழையும் சேர்த்தோம், அதன் நுனி மட்டும் கொஞ்சம் உள்வாங்கி. வளைந்தால் இரண்டிலும் ஒரே அளவு குறையும். ஷாப்ட் நகர்ந்தால் மட்டும் இரண்டும் வேறு வேறாக மாறும். ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டால் போதும்.

திரும்ப நுழைத்து மோட்டாரைப் போட்டோம். எண் அசையவே இல்லை. மோட்டார் பக்கம் வைத்ததும் குதித்தது.

"அப்ப பிரிக்க வேண்டாமா?"

"உள்ள ஷாப்ட் ஆடல. மோட்டார் பக்கத்து பேரிங் மட்டும் மாத்தினா போதும் அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

வெயில் தாழுமுன் மாற்றினோம். தண்ணீர் வாய்க்காலில் விழுந்ததும் அண்ணாச்சி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனார். எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.