பேச்சியம்மாள் திரும்பக் கேட்ட சொல்

பேச்சியம்மாளுக்கு எதைக் கண்டுதான் பயமில்லை? கப்பலில் வந்தபோது கடலைக் கண்டு பயம். சிகாமட் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தபின் காட்டில் புலி, மழையில் ஆற்று வெள்ளம், வெயிலில் வெள்ளைக்காரத் துரையின் தொப்பி. புருஷன் காய்ச்சலில் போன பிறகு, கூலிக்காரர் லயத்தில் அவள் வீட்டுக் கதவை யாராவது தட்டினாலே விளக்கை அணைத்துவிட்டு மூலையில் ஒடுங்கிக்கொள்வாள்.

ஒரே மகள் ராசம்மாவைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, எல்லாத் தாய்மாரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க, வாத்தியாரய்யா." மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. எந்தத் தாய் அதை மனசாரச் சொல்கிறாள்? சதாசிவம் வாத்தியார் மனசாரக் கேட்டுக்கொண்டார், பாவி மனுஷன்.

கொஞ்ச நாளில் ராசம்மா பாயை நனைக்க ஆரம்பித்தாள். எட்டு வயசுப் பிள்ளை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் சோற்றைப் பிசையாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தால் விரல் மடங்கவில்லை. உள்ளங்கை வீங்கிக் கருத்திருந்தது. பள்ளிக்கூடம் போய்க் கேட்டுவிடுவதென்று பேச்சியம்மாள் எழுந்தாள்.

அடுத்த வீட்டுத் தனலெட்சுமி தடுத்தாள். "போவாதடி. காலையில வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுல பேரு கூப்பிடுறதும் அந்த வாத்தியாருதான். உன் பேர விட்டுட்டா கப்பல்தான்."

சும்மா சொன்னதில்லை. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டங்கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே பள்ளிக்கூடம் போனாள். சண்டைக்கு வந்தவளாகத் தெரியக்கூடாதென்று பால் வெட்டும் கத்தியை வெளியே வைத்தாள்.

"வாத்தியாரய்யா, அன்னிக்கு சொன்ன சொல்ல நான் திரும்ப வாங்கிக்கிறேங்க. பிள்ளைய அடிக்காதீங்க."

"சொன்னது நீதானே?" வாத்தியார் சிரித்துக்கொண்டே பிரம்பை எடுத்தார். "ராசம்மா, இங்க வா. கைய நீட்டு."

பிள்ளை எழுந்து வந்து அந்த வீங்கின கையையே நீட்டியது. பழகிப்போயிருந்தது.

பேச்சியம்மாளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. மகளின் கையை எட்டிப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

வாத்தியார் பிரம்பை ஓங்கினார். "விடு."

விடவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, "படிக்கட்டுங்க, அடி வேணாங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓங்கிய பிரம்பு அப்படியே நின்றது. பிறகு மேசைமேல் போய் விழுந்தது.

"நாளைக்குப் பெரட்டுல பாத்துக்கிறேன்," என்றார்.

பிடித்த கையை விடாமலே மகளை இழுத்துக்கொண்டு அவள் நடந்தாள். நாளைக்குப் பெயர் வருமா, வராதா? அதைத் தவிர மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. பாதி வழியில் ராசம்மா நின்றாள்.

"ஆத்தா, கைய விடு. வலிக்குது."

இத்தனை நாளில் வலிக்கிறது என்று அந்தப் பிள்ளை வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. பேச்சியம்மாள் சட்டென்று கையை விட்டாள். மரங்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்து அழுதாள்.