லாபம் என்று வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் கணக்கில் புலி என்று பெயர் வாங்கியவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சிதம்பரத்தில் இருந்த அத்தைக்கு ஒரே மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வாயால் கூப்பிடுவது மாமா, மனதுக்குள் அவன்தான். கோடை விடுமுறையில் நான் அங்கே போனால், சிநேகிதன் வீட்டு வீடியோ கேமை இரவல் வாங்கி வந்து ஹால் டிவியில் மாட்டுவான். ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். கார் ரேஸில் நான் ஜெயித்தால், "என் ஒயரு லூசா இருக்கு" என்பான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. சொன்னதில்லை.

2006-இல் நான் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினேன். குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கேட்டதை வாங்கித் தருவதாகச் சொன்னார். அதே ஆண்டு அவனுக்கு எங்கள் ஊரான கடலூரில் பாலிடெக்னிக் சீட் கிடைத்திருந்தது. இனி சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான்.

"வீடியோ கேமே கேளு. நான் வந்தா ரெண்டு பேரும் ஆடலாம்" என்று போனில் சொன்னான்.

புலி கணக்குப் போட உட்கார்ந்தது. வீடியோ கேம் விலை குறைவுதான். ஆனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் சிடி வாங்கி மாளாது, வேறு எதற்கும் அது உதவாது. கம்ப்யூட்டர் விலை இருமடங்கு. ஆனால் சிடியை யாரிடமாவது இரவல் வாங்கி ஏற்றிக்கொள்ளலாம், படிப்புக்கும் ஆகும். நாள்பட்டால் கம்ப்யூட்டர்தான் லாபம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பாண்டிச்சேரியில் வரி கம்மி என்று அங்கே போய் அசெம்பிள் செய்து வாங்கி வந்தோம். புது விளையாட்டு எதைப் போட்டாலும் கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்றது. கார்டு போட்டால் ரேம் போதவில்லை. ரேமும் போட்ட பிறகு, நடு ஆட்டத்தில் கரண்ட் போகிறதென்று யுபிஎஸ். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மொத்தச் செலவுக்கு மூன்று நான்கு வீடியோ கேம் வந்திருக்கும். அதுகூடப் போகட்டும்.

ஹாலில் தூசி விழும் என்று அம்மா கம்ப்யூட்டரை உள்ரூமில் வைக்கச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். அவன் வந்த முதல் சனிக்கிழமை, ஒரே கீபோர்டில் ஆளுக்குப் பாதியாக விரல் வைத்து ஆடினோம். ஒரு ரேஸ்கூட முடியவில்லை. அம்மா வந்து நின்றாள்.

"வயசுக்கு வந்த பொண்ணு, முறைப் பையன்கூட ரூமுக்குள்ள என்னடி? பாக்குறவுங்க என்ன சொல்லுவாங்க?"

கதவு திறந்துதான் இருந்தது. அவன் எழுந்துபோய் அப்பாவோடு கிரிக்கெட் பார்த்தான். அதன்பிறகு வந்தபோதெல்லாம் ஹாலோடு சரி. கொஞ்ச நாளில் வருவதும் நின்றுபோனது. சிதம்பரத்தில் டிவி முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடியபோது யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஹாலில் நடந்தால் அது விளையாட்டு, ரூமுக்குள் நடந்தால் ஊர்ப்பேச்சு. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ரேம், சிடி என்று அத்தனையும் யோசித்த எனக்கு, பெட்டியை எங்கே வைப்பார்கள் என்று யோசிக்கத் தெரியவில்லை.

2011-இல் சேத்தியாத்தோப்பில் அவனுக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். வெற்றிலை பாக்கோடு தட்டில் பத்திரிகை வைத்துக் கொடுக்க அத்தையோடு அவனும் வந்தான். பெரியவர்கள் சமையல்கட்டில் பேசிக்கொண்டிருந்தபோது உள்ரூம் பக்கம் பார்த்துக் கேட்டான்.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுது மாமா."

"அன்னைக்கு நான் அவ்ளோ சொல்லியும் நீ கம்ப்யூட்டர் வாங்கினல்ல? என்கூட ஆடப் புடிக்கல போலன்னு நெனச்சிக்கிட்டேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"அது இல்ல மாமா. வீடியோ கேம்னா செலவு ஜாஸ்தின்னு..."

அம்மா மாப்பிள்ளைக்குக் காபி கொண்டுவந்தாள்.