தேயிலைப் பெட்டிக்குள் ஒரு வீடு

எங்கள் எஸ்டேட்டில் கட்டட வேலை தெரியாத ஆள் ஒருவன்தான் இருந்தான். அது கொத்தனாராகிய நான். துரைக்குத் தெரியும், கிளார்க்குக்குத் தெரியும், தேயிலை வறுக்கிறவருக்கும் தெரியும். மூணாறு பக்கத்துச் சின்னக்கானல் குளிரில் கல்சுவர் ஓரமாகப் பல் கிட்டிப் படுத்தவர்களே, கரண்டி பிடித்துத் திட்டு வாங்கியவர்களே, நான் படுவது உங்களுக்குப் புரியும். எழுபதுகளில் நடந்தது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பர்மிட் சிமெண்டு

தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் வரிசையாகப் பதினைந்து வீடுகள். இரண்டடி கனத்தில் கருங்கல் சுவர், இடையில் சுண்ணாம்புக் காரை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். மழையில் நனையும், வெயிலில் காயும், அவ்வளவுதான். ஒரு சித்திரையில் உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்னத் துரை, கல் இடுக்கில் காரை உதிர்வதைப் பார்த்துவிட்டு, வெளிப்பக்கம் முழுக்க சிமெண்டு வைத்து அடைக்கச் சொன்னார்.

"ஐயா, சுண்ணாம்பு குடிச்ச ஈரத்த வெயில் வந்தா விட்டுரும். சிமெண்டு விடாது. எங்கயாச்சும் ஒரு கீறல் விழுந்து தண்ணி உள்ள போச்சுன்னா, அப்புறம் வெளிய வர வழி கெடையாது" என்று சொன்னேன். அந்த நாளில் சிமெண்டு மூட்டை சும்மா கிடைக்காது, அரசாங்க பர்மிட் வேண்டும். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த பர்மிட்டுக்கு நான் ஆறு மாசம் ஆபீஸ் ஆபீஸா நடந்திருக்கேன், நீ என்னடான்னா சுண்ணாம்புங்கிறே!"

கப்பலுக்கே தாங்குது

சிமெண்டு வைத்து அடைத்தாயிற்று. அந்த வருஷ மழை முடிந்தபோது நான் சொன்னது நடந்திருந்தது. உள்சுவரில் நீர் கோத்து நின்றது. நனைந்த சுவருக்குக் குளிரும் கூடுதல். ஏழாம் நம்பர் வீட்டுப் பேச்சியம்மாள், இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருக்கும் கொழுந்து பறிக்கிறவள், ஆபீசுக்கே போய்ச் சத்தம் போட்டாள்.

அப்போதுதான் தேயிலை வறுக்கிற ஃபேக்டரி டீ மேக்கருக்கு ஞானம் பிறந்தது. தேயிலை அனுப்பும் பலகைப் பெட்டிக்குள் பளபளவென்று ஈயத்தாள் ஒட்டியிருக்கும். கழித்துப் போட்ட பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகைகளைத் தாளோடு உள்சுவரில் அடித்துவிட்டால் வீடு சூடாகவும் இருக்கும், ஈரமும் வராதாம். சின்னத் துரை கைதட்டாத குறை. "தூளை வறுத்துக் காய வச்சுப் பெட்டியில போடுறீங்க. இந்தச் சுவரு நனைஞ்சுல்லா கெடக்கு? காய விட்டு, சுவருக்கும் பலகைக்கும் நடுவுல காத்துப் போக எடம் விடணும்" என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். இடம் விட்டால் வீடு சின்னதாகிவிடும் என்று அதையும் தள்ளினார்கள். சோதனைக்கு ஏழாம் நம்பர் வீடு. ஆணி அடித்தது நான்தான். அந்தக் கோபம் மட்டும் எனக்கு என் மேலேயே. டீ மேக்கர் வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார்.

"ஏ கொத்தனாரே, சீமைக்குக் கப்பல்ல போறதுக்கே தாங்குது, ஒம்ம சுவருக்குத் தாங்காதோ?"

நீங்க அடிச்ச ஆணி

முதல் பதினைந்து நாள் வீடு கதகதவென்று இருந்தது. பேச்சியம்மாள் கூப்பிட்டுப் பால் விடாத கட்டங்காப்பி கொடுத்தாள். நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். மார்கழியில் பலகை இடுக்கில் கறுப்பாகப் பூஞ்சை எட்டிப் பார்த்தது. தை பிறக்கும்போது வீட்டுக்குள் நுழைந்தாலே மக்கிய சாக்கு நாற்றம். பேச்சியம்மாளுக்கு எப்போதோ வந்துபோன இழுப்பு, இப்போது நாள் தவறாமல் வந்தது.

மூச்சு இழுக்கிறவள் கூடையைச் சுமந்து மலை ஏற முடியுமா? காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆள் நிற்காவிட்டால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் வெட்டு. பேர் போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கிளார்க் அவளுக்கு இரண்டு மாதத் தவணை கொடுத்துவிட்டார். வீடு அவளை நோயாளி ஆக்கும், நோயாளி ஆனதற்காக அதே வீட்டிலிருந்து துரத்துவார்களாம். நான் போனபோது அவள் வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, நீங்க அடிச்ச ஆணிதான, நீங்களே புடுங்கிருங்க."

ஆர்டர் எங்கே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரையும் கேட்காமல் பிடுங்கினேன். ஈயத்தாளுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வழிந்தது. சுவர் முழுக்கக் கறுப்பு. பேச்சியம்மாளும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டார்கள். நான் வேலை முடிந்த நேரத்திலெல்லாம் வெளிப்பக்கத்துச் சிமெண்டை உளியால் கொத்தி எடுத்தேன். சுவரோரம் ஏறிக் கிடந்த மண்ணை வெட்டி ஓடை இழுத்தேன். பிறகு கதவைத் திறந்துபோட்டு, மாசி வெயில் முடியும்வரை சுவரைச் சும்மா விட்டேன். கொத்தனார் வேலையில் பெரிய வேலை இந்தச் சும்மா இருப்பதுதான்.

நன்றாகக் காய்ந்த பிறகு வெளி இடுக்குகளைச் சுண்ணாம்பால் அடைத்தேன். உள்பக்கம், போடி அரிசி மில்லிலிருந்து லாரியில் வந்த உமியைச் சுண்ணாம்பில் கலந்து கனமாகப் பூசினேன். உமி குளிரைத் தடுக்கும், சுண்ணாம்பு ஈரத்தைப் பூட்டி வைக்காது. இழுப்பு தணிந்து, தவணை முடிவதற்கு இரண்டு நாள் முன்பே பேச்சியம்மாள் பிரட்டில் போய் நின்றாள். கிளார்க் என்னிடம் வந்தார். சந்தோஷப்பட அல்ல.

"பலகை அடிச்சதுக்கு ஆர்டர் இருக்கு; எடுத்ததுக்கு ஆர்டர் எங்கே?"

பங்களாவில் அடிங்க

அடுத்த மழையும் போனது. ஏழாம் நம்பர் சுவர் கசியவில்லை. மேனேஜரான பெரிய துரை பரிவாரத்தோடு பார்க்க வந்தார். சுவரைத் தடவி, "உலர்ந்து கதகதன்னு இருக்கே" என்றார். "டீ பெட்டிப் பலகை சார், அதுக்கு மேலதான் பூச்சு" என்று கூசாமல் சொன்னார் சின்னத் துரை. அவருக்குத் தெரியும், ஆர்டர் இல்லாமல் பலகையை எடுத்ததற்கு என்னிடம் எழுதி வாங்கிய விளக்கம் அவர் மேசையில்தான் இருந்தது. அப்படியானால் மற்ற பதினாலு வீட்டுக்கும் பலகை அடித்துவிடலாம் என்றார் பெரிய துரை.

பதினாலு வீடு! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் இன்னொரு தடவை வாயைத் திறந்தால் வேலை போகும் என்று எச்சரித்திருந்தார்கள். தலையைக் குனிந்து நின்றேன், வெட்கக்கேடு. பேச்சியம்மாள் கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் முன்னால் வந்தாள்.

"ஐயா, இதுக்குள்ள பலகையும் இல்ல, தாளும் இல்ல, வெறும் சுண்ணாம்பும் உமியும்தான், பலகை அம்புட்டு நல்லதுன்னா மொதல்ல ஒங்க பங்களாவுல அடிச்சுப் படுங்க, ஒரு மழை போவட்டும், பெறவு எங்க வீட்டுக்கு வாங்க!"

அதன் பிறகு பங்களாவிலும் பலகை ஏறவில்லை, லயத்திலும் ஏறவில்லை, பெரிய துரை ஆர்டர் போட, பதினாலு வீட்டுச் சிமெண்டையும் கொத்தி எடுத்து உமியும் சுண்ணாம்பும் பூசி முடித்தேன், ஆனாலும் எங்கள் எஸ்டேட்டில் கட்டட வேலை தெரியாத ஆள் கடைசிவரை நான் ஒருவன்தான்.