பெரியப்பாவின் மங்கு

நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் கோப்பை ஒன்று, நாங்கள் மங்கு என்போம், என் அலமாரியில் இருக்கிறது. அடிப்பக்கத்தில் பூச்சு உதிர்ந்து கறுத்துக் கிடக்கும். என் தலைமாட்டுப் பலகைச் சுவரில் அடித்து அடித்து உதிர்ந்த பூச்சு அது. அடித்தவர் என் பெரியப்பா.

புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் படிக்க வந்த என்னைக் காஜா பேராங் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் அவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சோறு போட்ட அந்தக் கைதான் இந்த மங்குக் கோப்பையையும் பிடித்தது. ஆற்றோரக் கிடங்கொன்றில் அவருக்கு இரவுக் காவல், ஜாகா வேலை. கண் அயராமலிருக்க, விடியும்வரை தூண்தூணாக மங்கால் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். தூக்கத்தை ஜெயித்தவன் என்று தன்னைப் பற்றி ஒரு நினைப்பு. தூங்குகிறவன் யாராயிருந்தாலும் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் ஊரெல்லாம் ஃபுளூ காய்ச்சல். பள்ளியிறுதிப் பரீட்சைக்கு முந்தின வாரம் என்னையும் பிடித்தது. எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்புவரை படித்து வந்தவன் நான் ஒருவன்தான். நல்ல தரத்தில் தேறினால் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம். இரவெல்லாம் இருமலும் மூட்டுவலியும் தூங்கவிடாது. விடிந்து, உடம்பு வேர்த்து, கண் செருகும்போதுதான் பெரியப்பா வேலை முடிந்து சைக்கிளில் வந்து இறங்குவார். காய்ச்சல்காரன் பகலில் தூங்கினால் காய்ச்சல் தலைக்கு ஏறிவிடும் என்பது அவர் சட்டம். தானும் படுக்காமல் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். என் இமை இறங்கினால் சுவரில் டங்கென்று ஓர் அடி. மண்டைக்குள் இடி விழும்.

“என்னடா, தொரைக்குப் பட்டப்பகல்ல தூக்கம் கேக்குதோ? எந்திரி, புஸ்தகத்தைப் பாரு!”

“முடியல பெரியப்பா. கொஞ்ச நேரம்...”

“கொஞ்ச நேரம்னு சொல்லித்தான் எல்லாப் பயலும் படுக்கிறான்.”

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா, தலைமுறை தலைமுறையாக மலாயே பேசிப்போன வம்சம், அவருக்குத் தமிழ் வராது. வேலியோரம் நின்று, “காசி தீடோர்லா!” என்று மலாயில் கெஞ்சுவார், பையனைத் தூங்க விடுங்கள் என்று. பெரியப்பா அவருக்கும் சேர்த்து ஓர் அடி அடிப்பார்.

பூகோளப் பரீட்சையில் ஆறுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தவன் அப்படியே மேசைமேல் கவிழ்ந்துவிட்டேன். கண்காணிப்பாளர் தோளைத் தொட்டு எழுப்பியபோது மணி அடிக்கப்போகிற நேரம். பாதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது. தேறினேன், தரம் கிடைக்கவில்லை. ஆசிரியராகியிருக்க வேண்டியவன் குமாஸ்தாவானேன்.

பரீட்சை முடிந்த கையோடு காய்ச்சல் பெரியப்பாவைப் பிடித்தது. பட்டப்பகலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, “சன்னலைச் சாத்து, ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது” என்றார். பெரியம்மா சன்னலைச் சாத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். மங்கை எடுத்து அவர் தலைமாட்டுச் சுவரில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“அடியே, என்னைக் கொல்லப் பாக்குறியா?”

“காய்ச்சல் தலைக்கு ஏறிடுமே, அதான்.”

“இது வேறடி! வேலை அலுப்பு!”

“அலுப்பும் ஏறும்” என்று இன்னொன்று வைத்தார். அந்த மங்குச் சத்தம் ஒருநாள்கூட அவ்வளவு இனிமையாக என் காதில் விழுந்ததில்லை.

எனக்கு வேலை கிடைத்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாரையும் கூட்டி வைத்து அந்த மங்குக் கோப்பையை என் கையில் கொடுத்தார் பெரியப்பா. “நான் தட்டித் தட்டி எழுப்பலன்னா இவன் எங்க பாஸாவுறான்?” எல்லாரும் கைதட்டினார்கள். பெரியம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விட்டார். பிள்ளைக்காகத் தன் தூக்கத்தையே கொடுத்த மனிதர் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கொடுத்தார்தான். கூடவே என்னுடையதையும் எடுத்துக் கொடுத்தார், என்னைக் கேட்காமல். அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. வரவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இந்த வாரம் எனக்கு மறுபடி காய்ச்சல். செமாபோக்கில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் வாசலில், நேற்று உச்சிவெயிலில் பெரியப்பாவின் சைக்கிள் மணி கேட்டது.

“டேய், பகல்ல படுத்துக் கெடக்கியாமே! கதவைத் தொறடா!”

தட்டினார். மங்கு என் அலமாரியில் இருக்கிறது. வெறுங்கையால் எவ்வளவு சத்தம் எழுப்பிவிட முடியும்? போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டேன். அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனேன்.