இரவல் தம்பி

என் மாமா கெட்டிக்காரர். செத்துப்போன பிள்ளையை ஒரு காலைப்பொழுதுக்கு உயிரோடு கொண்டுவந்து காட்டியவர். அந்த வித்தையில் எனக்கும் பங்கு உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், எனக்கு ஏழு வயதில் நடந்தது. மலாயாவில், காம்பார் போகும் வழியில், சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் இருந்த ரப்பர் தோட்டத்தில் மாமாதான் கங்காணி. அம்மாவின் அண்ணன். ஊருக்குப் போய் ஆட்களைக் கப்பலேற்றி வருவது அவர் வேலை. எங்களையும் அப்படித்தான் கொண்டுவந்தார்.

நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த சதுப்பில் கொசு மொய்க்கும். அந்த வருஷம் மழையோடு காய்ச்சலும் வந்தது. பெண்கள் பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் நான்கு தொட்டில்கள் காலியாயின. நான்காவது என் தம்பியுடையது. அவனுக்கு ஐந்து மாதம்.

அவனைப் புதைத்த மறுவாரம் அப்பா மாமாவிடம் போய் நின்றார்.

"மச்சான், அந்தச் சதுப்புல ஒரு வாய்க்கா வெட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா தொரை கேப்பாரு."

மாமா வெற்றிலையைத் துப்பினார். "இங்க ஒண்ணு பொறந்து வளந்து மரம் வெட்டப் பன்னெண்டு வருசம் ஆவும். ஊர்லேர்ந்து ஏத்தினா பன்னெண்டே நாளு. தொரை எதுக்கு மச்சான் வாய்க்கா வெட்டுவாரு?"

அப்பா திரும்பி நடந்தார். மாமாவுக்கு எவ்வளவு விஷயம் தெரிகிறது என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

பிறகு ஒருநாள், ஈப்போவிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. சாவு அதிகமான தோட்டத்துக்குப் புது ஆள் கூட்டிவர அனுமதி கிடையாதாம். செத்த நால்வரின் பெயரையும் தோட்டக் கணக்கெழுதும் கிராணி இன்னும் பதிவேட்டில் அடிக்கவில்லை. பெயர் இருந்தது, பிள்ளைதான் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்கு மாட்டுவண்டி அனுப்பினார் மாமா. நாங்கள் உப்பு, மிளகாய் இரவல் வாங்குவோம். அவர் நான்கு கைக்குழந்தைகளை இரவல் வாங்கிவிட்டார்.

அம்மாவை அன்று வேலைக்கு அனுப்பாமல் கொட்டகையில் உட்காரவைத்து, ஒன்றை அவள் மடியில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மருமவளே, டாக்டர் கேட்டா என்னா சொல்லுவே?"

"இது என் தம்பி. இங்க யாரும் சாவல. எல்லாரும் சொகமா இருக்கோம்."

"அப்படிச் சொல்லு! பிஸ்கோத்து வாங்கித் தாரேன்."

குழந்தை பசித்து வீறிட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பால் வற்றியிருக்கவில்லை, சேலை நனைந்துவிட்டது. கடைசியில் எடுத்து அணைத்துக் கொடுத்தாள். எனக்குத் தம்பி திரும்ப வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

டாக்டர் நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும். அம்மாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னவோ கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்:

"இந்தக் கொட்டகையில புள்ளைங்க ஏதும் செத்திருக்கான்னு டாக்டர் கேக்குறாரு. பயப்படாம சொல்லும்மா."

வாசலில் மாமா இருமினார். அம்மா தலைநிமிர்ந்து டாக்டரை நேராகப் பார்த்தாள். வெள்ளைக்காரரை அப்படி அவள் பார்த்து நான் கண்டதில்லை. வாயைத் திறந்தாள். மடியிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள்.

நான் முந்திக்கொண்டேன். மூன்று வாக்கியத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். டாக்டர் சிரித்து, என் தலையைத் தடவி, எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வண்டி குழந்தைகளைத் திருப்பிக் கொண்டுபோனது. மாமாவுக்கு அனுமதி கிடைத்து, கப்பலில் புது ஆட்களும் வந்தார்கள். சதுப்பு அப்படியே கிடந்தது. அடுத்த மழைக்கு மேலும் மூன்று தொட்டில்கள் காலியாயின. அவற்றில் ஒன்று, அப்போதுதான் வந்திறங்கிய ஒருத்தியின் பிள்ளையுடையது. அந்த மூன்றையும் நான்தான் கொன்றேன் என்று பிற்காலத்தில் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். மாமா ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார்.

அன்று வண்டி போன பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. பிஸ்கோத்தில் பாதியை நீட்டினேன், வாங்கவில்லை. சொல்லவேண்டியதை அவள் மறந்துவிட்டாள், நான் காப்பாற்றினேன், அந்த வெட்கம்தான் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பாதியையும் நானே தின்றேன்.